தட்டு மாறிய இரண்டு வாரங்கள்: மேலைநாட்டு உணவும் உடலின் நீறு பூத்த நெருப்பும்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் கிராமங்களிலிருந்து 20 பேர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேர். எல்லோரும் நடுத்தர வயதினர். நோய் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாதவர்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவர் ஸ்டீஃபன் ஓ'கீஃப் தலைமையிலான குழு, இந்த இரு தரப்பினரின் சாப்பாட்டுத் தட்டுகளை இரண்டு வாரத்துக்கு மட்டும் இடம் மாற்றியது. பிட்ஸ்பர்க்காரர்களுக்கு மக்காச்சோளமும் அவரை வகைகளும் கீரையும் மாம்பழமும் பரிமாறப்பட்டன. குவாசுலு-நட்டால்காரர்களுக்குக் காலையில் மாட்டிறைச்சி சாசேஜும் பேன்கேக்கும், மதியம் ஹாம்பர்கரும் ஃபிரெஞ்ச் ஃபிரைஸும் வந்தன.

இந்த இரு ஊர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் 1 லட்சம் பேருக்கு சுமார் 65 பேர் என்ற கணக்கில் அப்போது ஆண்டுதோறும் பெருங்குடல் புற்றுநோய் வந்துகொண்டிருந்தது. தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் அது 5 பேருக்கும் குறைவு. மூதாதையர் வழியில் ஒரே கண்டத்தைச் சேர்ந்த இரு கூட்டத்தாரிடையே இத்தனை பெரிய இடைவெளி எப்படி வந்தது என்பதே ஓ'கீஃபின் கேள்வி.

தட்டு மாறியபோது பிட்ஸ்பர்க்காரர்களின் நார்ச்சத்து நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது; உணவின் ஆற்றலில் கொழுப்பின் பங்கு 35 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக இறங்கியது. கிராமத்தாருக்கு நேர்மாறாக நார்ச்சத்து 66 கிராமிலிருந்து 12 கிராமாகச் சரிந்தது. கொழுப்பு 16 சதவீதத்திலிருந்து 52 சதவீதமானது. முன்னும் பின்னும் எல்லோருக்கும் குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்த்தார்கள். முதல் பரிசோதனையிலேயே அமெரிக்கர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் குடலில் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சிகள் இருந்தன. கிராமத்தாரில் ஒருவருக்கும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, பிட்ஸ்பர்க்காரர்களின் குடல் சுவரில் அழற்சியின் அறிகுறிகள் தணிந்திருந்தன. செல்கள் பெருகும் வேகம் குறைந்திருந்தது. கிராமத்தாரிடம் இரண்டும் கூடியிருந்தன. 2015இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் இந்த முடிவுகள் வெளியாயின. இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்துவிடவில்லை. யாரிடமிருந்தும் அதன் அபாயம் முற்றாக விலகிவிடவும் இல்லை. ஆனால் பல பத்தாண்டுகள் கழித்து நோயாக முடியக்கூடிய பாதையில் உடல் எந்தத் திசைக்குத் திரும்பும் என்பதை 14 நாள் சாப்பாடு மாற்றிக் காட்டியது.

மேலைநாட்டு உணவு உடலுக்கு நல்லதல்ல என்று கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. அதில் எது கெடுக்கிறது, எந்த வழியாகக் கெடுக்கிறது, அந்த வழியில் திரும்பி வர முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை தேட, இப்படித் தட்டை மாற்றிப் பார்த்த ஆய்வுகளே சிறந்த துணை. ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளில் வருமானம், புகைப்பழக்கம், உடலுழைப்பு எல்லாம் கலந்து குழப்பும். இங்கே அதே மனிதர், அதே உடல். தட்டு மட்டும் வேறு.

பெயர் தரும் குழப்பம்

வெள்ளை மாவு, சர்க்கரை சேர்த்த பானங்கள், பதப்படுத்திய இறைச்சி, பொரித்த பண்டங்கள், பாக்கெட் தின்பண்டங்கள் ஆகியவை மிகுந்து, முழுத்தானியமும் பயறும் காய்கனியும் சுருங்கிய உணவுமுறைக்கு மேலைநாட்டு உணவுமுறை என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர்கள் டெனிஸ் பர்க்கிட்டும் ஹியூ ட்ரோவெல்லும் இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் இட்டவர்கள். பிரிட்டனில் அன்றாடம் காணும் மலச்சிக்கல், குடல்வால் அழற்சி, பெருங்குடல் புற்றுநோய், மாரடைப்பு முதலியவை ஆப்பிரிக்கக் கிராமத்து நோயாளிகளிடம் அரிதாக இருப்பதை அவர்கள் கவனித்தார்கள். உணவிலிருந்து நார்ச்சத்து நீங்கியதே முக்கியக் காரணம் என்று வாதிட்டார்கள். 1981இல் அவர்கள் பதிப்பித்த நூலின் பெயரே 'மேலைநாட்டு நோய்கள்' என்ற பொருள் தருவது.

ஆனால் இந்தப் பெயரைத் திசையாக எடுத்துக்கொண்டால் தவறு நேரும். ஆலிவ் எண்ணெயும் பயறும் காய்கறியும் மீனுமாகச் சாப்பிட்ட கிரேக்கத்தின் கிரீட் தீவும் மேலைநாடுதான். ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாட்டு ஆய்வில், இதய நோய் மிகக் குறைவாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று.

பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொண்டேய்ரோ இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்க உதவினார். பிரேசில் குடும்பங்கள் வாங்கும் பொருட்களின் கணக்கைப் பார்த்தபோது அவருக்கு ஒரு புதிர் எதிர்ப்பட்டது. வீடுகள் வாங்கும் சர்க்கரை, எண்ணெய், உப்பு ஆகியவற்றின் அளவு குறைந்துகொண்டே வந்தது; உடல் பருமனோ ஏறிக்கொண்டே போனது. சர்க்கரையும் எண்ணெயும் உப்பும் மறைந்துவிடவில்லை. அவை சமையலறையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போய், பிஸ்கட்டாகவும் பானமாகவும் உடனடி நூடுல்ஸாகவும் திரும்பி வந்துகொண்டிருந்தன. 2009இல் அவர் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த 'நோவா' வகைப்பாடு, உணவை அதிலுள்ள சத்துகளைக் கொண்டு பிரிக்காமல், அது எவ்வளவு தூரம் பதப்படுத்தப்பட்டது என்பதைக் கொண்டு 4 பிரிவுகளாக்கியது. கடைசிப் பிரிவு மிகைப்பதப்படுத்திய உணவு: மூலப்பொருளைக் கூறுகளாகப் பிரித்து, சுவையூட்டி, நிறமூட்டி, பால்மமாக்கி போன்றவற்றைச் சேர்த்துத் திரும்ப ஒட்டிச் செய்யும் ஆலைப் பண்டங்கள். இன்று அமெரிக்காவில் மக்கள் உண்ணும் கலோரிகளில் பாதிக்கும் மேல் இந்தப் பிரிவிலிருந்தே வருகிறது.

இந்த வகைப்பாட்டின் மீது நியாயமான விமர்சனங்களும் உண்டு. முழுக்கோதுமை ரொட்டியும் கோலாவும் சில வேளை ஒரே பிரிவில் விழுந்துவிடுகின்றன. நீண்டகால ஆய்வுகளில் இனிப்புப் பானங்களுக்கும் பதப்படுத்திய இறைச்சிக்கும் நோயோடு வலுவான தொடர்பு தெரிகிறது; முழுத்தானிய ரொட்டிக்கு அப்படித் தெரிவதில்லை. பதப்படுத்துவது என்பதே பாவம் அல்ல. மாவு புளிக்க வைப்பதும், தயிர் உறை ஊற்றுவதும், கருவாடு காயவைப்பதும் பதப்படுத்துதல்தான். உணவின் உடற்கட்டு எந்த அளவுக்குச் சிதைக்கப்பட்டது, அதில் எது நீக்கப்பட்டது என்பதே இந்தக் கட்டுரை முழுவதும் நாம் பின்தொடர வேண்டிய இழை.

அழல் என்னும் வேர்ச்சொல்

அழல் என்றால் நெருப்பு. அதிலிருந்து வந்த அழற்சி என்ற சொல், மருத்துவம் சொல்ல வருவதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற நான்கு அடையாளங்களை ரோமானிய அறிஞர் செல்சஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பட்டியலிட்டார். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குவது, உடலின் காவல் படை அங்கே வேலையில் இறங்கிவிட்டது என்பதன் அறிகுறி. வேலை முடிந்ததும் நெருப்பு அணைய வேண்டும்.

மேலைநாட்டு உணவோடு பேசப்படும் அழற்சி வேறு வகை. சிவப்போ வலியோ இல்லை, காய்ச்சல் இல்லை. இரத்தத்தில் சில புரதங்களின் அளவு மட்டும் சற்றே உயர்ந்து, ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். நீறு பூத்த நெருப்பு என்று நம் ஊரில் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். அதை அளக்கும் எளிய கருவிகளில் ஒன்று, கல்லீரல் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதம். ஆரோக்கியமாக இருந்த அமெரிக்க ஆண்களில், இந்தப் புரதம் மிகுதியாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு சுமார் 3 மடங்கும் பக்கவாதம் 2 மடங்கும் கூடுதலாக வந்தன என்று 1997இல் பாஸ்டன் மருத்துவர் பால் ரிட்கரின் குழு காட்டியது.

இந்த அழற்சி நோயின் காரணமா, அல்லது நோயோடு கூடவே வரும் புகையா என்ற கேள்விக்கு 2017இல் ஒரு விடை கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி-ரியாக்டிவ் புரதமும் உயர்ந்திருந்த 10,061 பேரிடம் ரிட்கரின் குழு ஒரு மருந்தைச் சோதித்தது. கொலஸ்டிராலைத் தொடாமல், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதுவனை மட்டும் தடுக்கும் மருந்து அது. குறிப்பிட்ட அளவில் அதைப் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்த்து 15 சதவீதம் குறைந்தன. கூடவே, தொற்றுநோயால் இறந்தவர்கள் சற்று அதிகமானார்கள். இந்த ஒரே சோதனையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நீறு பூத்த நெருப்பு உண்மையிலேயே இரத்தக் குழாயைச் சுடுகிறது. ஆனால் உடலுக்கு நெருப்பே இல்லாமலும் முடியாது. மருந்து ஊற்றி அணைப்பதைவிட, அதற்கு நாள்தோறும் விறகு போடுவது எது என்று பார்ப்பதே அறிவுடைமை.

அந்த விறகில் ஒரு பகுதி கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது. கொழுப்புத் திசு என்பது உபரி ஆற்றலைச் சேர்த்து வைக்கும் வெறும் கிடங்கு என்றே நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1993இல் கோக்கான் ஹோட்டாமிஸ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மனும், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தை உற்பத்தி செய்வதைக் கண்டார்கள். அதைச் செயலிழக்கச் செய்தபோது எலிகளின் உடல் இன்சுலினுக்கு மேலும் நன்றாக இணங்கியது. வீங்கிப் புடைத்த கொழுப்பு செல்களைச் சுற்றி, நோய்க் கிருமிகளை விழுங்க வேண்டிய பாதுகாப்பு செல்கள் வந்து குவிவதை 2003இல் இரு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. அங்கிருந்து கசியும் அழற்சிப் புரதங்கள், இன்சுலின் சொல்லும் சேதி செல்லுக்குள் போவதைத் தடுக்கின்றன. கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோகிறது. சர்க்கரை நோய் அப்போது வெளியே தெரியவருகிறது. அழற்சியும் வளர்சிதை மாற்றமும் வேறு வேறு துறைகள் அல்ல என்பது இந்தக் கண்டுபிடிப்புகளுக்குப் பிறகே மருத்துவ உலகுக்கு உறைத்தது.

பட்டினி கிடக்கும் குடல்

குவாசுலு-நட்டால் ஆய்வில் ஒரு முக்கியமான சங்கதி, உடல் எடை மாறாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது. அப்படியானால் இரண்டு வாரத்தில் வந்த மாற்றத்தைக் கொழுப்புத் திசுவின் தலையில் மட்டும் கட்ட முடியாது. விடை குடலுக்குள் இருக்கிறது.

நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் திருப்பித் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை இந்த பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. அது அழற்சியைத் தணிக்கவும் செய்கிறது. தட்டு மாறிய அந்த இரண்டு வாரத்தில், பிட்ஸ்பர்க்காரர்களிடம் பியூட்டிரேட் சுமார் இரண்டரை மடங்கானது; கிராமத்தாரிடம் பாதியாகக் குறைந்தது.

பாக்டீரியாக்களுக்கு நார் கிடைக்காவிட்டால் என்ன செய்யும்? 2016இல் 'செல்' இதழில் வந்த ஆய்வு இதற்குக் கலக்கமூட்டும் விடை தந்தது. மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்து இல்லாத தீவனம் கொடுத்தபோது, அந்த பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது. பிறகு ஒரு நோய்க் கிருமியைச் செலுத்தியபோது, அது சுவரை எளிதாக எட்டிக் கடும் அழற்சியை உண்டாக்கியது. கொழுப்பு மிகுந்த தீவனம் தின்ற எலிகளின் இரத்தத்தில், பாக்டீரியாக்களின் மேலுறைத் துணுக்குகள் 2 முதல் 3 மடங்கு கூடியிருந்ததையும், அதுவே மெல்லிய அழற்சியையும் இன்சுலின் எதிர்ப்பையும் தூண்டியதையும் 2007இல் பாட்ரிஸ் கானியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் வேலி பலவீனமானால் உள்ளே காவல் படை ஓயாமல் விழித்திருக்க நேரும் என்ற ஏரணம் இரண்டு உடலுக்கும் பொது.

குடியேறிகளிடம் இதன் மனித வடிவத்தைக் காணலாம். தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்த ஹ்மாங், கரேன் இனப் பெண்களை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியானது. வந்து சில மாதங்களுக்குள்ளேயே, தாவர நாரைச் சிதைக்கும் பாக்டீரியா வகைகள் அவர்கள் குடலிலிருந்து மறையத் தொடங்கியிருந்தன. அங்கே தங்கிய காலம் கூடக் கூட இழப்பும் கூடியது. அமெரிக்காவில் பிறந்த அடுத்த தலைமுறையிடம் அது மேலும் ஆழமாக இருந்தது. தாய் இழந்ததை மகளுக்குக் கொடுக்க முடியாது என்பது குடல் பாக்டீரியாவுக்கும் பொருந்துகிறது. உணவு மாறும்போது ஒரு தலைமுறையின் சுவை மட்டும் மாறுவதில்லை என்பதால்தான், இந்த ஆய்வு என் மனத்தை விட்டு அகலாமல் நிற்கிறது.

கணக்கில் சமம், வயிற்றில் வேறு

"எல்லாமே கலோரிதான், அளவாகச் சாப்பிட்டால் எதுவும் கெடுதல் இல்லை" என்று உணவுத் தொழில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. இதைச் சோதிக்க அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் ஓர் ஆய்வு வடிவமைத்தார். பெதஸ்தாவில் உள்ள மருத்துவ மையத்தில் 20 பேர் 4 வாரம் தங்கினார்கள். 2 வாரம் மிகைப்பதப்படுத்திய உணவு, 2 வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய தட்டுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் சமம். ஆலைப் பண்டங்களில் நார் போதாததால், எலுமிச்சைப் பானத்தில் நார்ப்பொடியைக் கரைத்துக் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. வேண்டிய அளவு சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம்.

2019இல் முடிவு வந்தது. மிகைப்பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். 2 வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ கூடினார்கள். மற்ற 2 வாரத்தில் அதே 0.9 கிலோ குறைந்தார்கள். யாரும் அவர்களை அதிகமாகச் சாப்பிடச் சொல்லவில்லை, குறைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. ஆலைப் பண்டங்களை அவர்கள் வேகமாக விழுங்கினார்கள். பதப்படுத்தாத உணவின்போது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் கூடியிருந்தது. பசியைக் கிளப்பும் ஹார்மோன் குறைந்திருந்தது.

உணவின் உடற்கட்டு ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் 1977இல் பிரிட்டனில் கென்னத் ஹீட்டனும் சகாக்களும் செய்த ஆப்பிள் சோதனை. 10 பேருக்கு ஒரே அளவு சர்க்கரை அடங்கிய ஆப்பிளை முழுப் பழமாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்தார்கள். சாற்றைக் குடிக்க, பழத்தை மென்று தின்பதில் 11இல் ஒரு பங்கு நேரமே ஆனது. சாறு குறைவாகவே வயிற்றை நிறைத்தது. இன்சுலினை அதிகமாகத் தூண்டியது. பிறகு இரத்தச் சர்க்கரையைத் தடாலென்று கீழே இறக்கியது. பழம் அதே பழம்தான். பல்லுக்கும் குடலுக்கும் இருந்த வேலை மட்டும் பறிக்கப்பட்டிருந்தது.

ஹாலின் ஆய்வு சிறியது, காலமும் குறுகியது என்ற குறையை 2025இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஓரளவு போக்கியது. 55 பேர், ஒவ்வொரு உணவுமுறையும் 8 வாரம். இரண்டுமே பிரிட்டன் அரசின் சத்துணவு வழிகாட்டலுக்கு உட்பட்டவை. இரண்டிலும் எடை குறைந்தது. ஆனால் அதிகம் பதப்படுத்தாத உணவில் 2 சதவீதமும் மற்றதில் 1 சதவீதமுமாக, ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசம் இருந்தது.

மறக்காத உடல், மன்னிக்கும் உடல்

இரண்டு வாரம் மாறிய உடல், பழைய தட்டுக்குத் திரும்பினால் பழையபடி ஆகிவிடுமா? கிளிமாஞ்சாரோ மலையடிவாரத்தில், நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகமும் தான்சானிய மருத்துவர்களும் சேர்ந்து 77 இளைஞர்களிடம் இதைப் பார்த்தார்கள். கிராமத்து இளைஞர்கள் சிலர் வெள்ளை ரொட்டிக்கும் சாசேஜுக்கும் பொரித்த உருளைக்கிழங்குக்கும் மாறினார்கள். நகரத்து இளைஞர்கள் சிலர் வாழைக்காய், மரவள்ளி, கீரை, பயறு, சிறுதானியம் கொண்ட தம் முன்னோர் உணவுக்கு மாறினார்கள். இன்னொரு குழுவினர், வாழைப்பழமும் கேழ்வரகு போன்ற சிறுதானியமும் புளிக்க வைத்த பாரம்பரியப் பானத்தை ஒரு வாரம் குடித்தார்கள். 2025இல் வெளியான முடிவுகளின்படி, மேலைநாட்டு உணவுக்கு மாறியவர்களின் இரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் ஏறின. அதே சமயம், கிருமிகளை எதிர்கொள்ளும்போது அவர்களின் பாதுகாப்பு செல்கள் சோர்ந்து இயங்கின. முன்னோர் உணவும் புளித்த பானமும் அழற்சியைத் தணித்தன. உணவு மாற்றம் முடிந்து 4 வாரம் கழித்தும் சில மாற்றங்கள் நீடித்திருந்தன.

இந்த நீடிப்புக்கு ஒரு விளக்கம் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் வந்தது. இரத்தக் குழாய் அடைப்புக்கு எளிதில் ஆளாகும் எலிகளுக்கு ஐக்கே லாட்ஸின் குழு 4 வாரம் மேலைநாட்டு வகைத் தீவனம் கொடுத்தது. எலிகளின் உடல், கிருமித் தொற்று வந்ததைப் போலக் கொதித்தது. பழைய தீவனத்துக்குத் திரும்பியதும் இரத்தத்தில் அழற்சி அடங்கியது. ஆனால் எலும்பு மஜ்ஜையில் பாதுகாப்பு செல்களைப் பிறப்பிக்கும் மூல செல்கள் அடங்கவில்லை; சிறு தூண்டுதலுக்கும் சீறும்படி அவை பழகிப்போயிருந்தன. மேலே நீறு பூத்தாலும் உள்ளே கங்கு அணையவில்லை.

உடல் மறப்பதில்லை என்பதற்காக மனம் உடைய வேண்டியதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பி அருகே வாழ்ந்த பழங்குடி மக்களில் சர்க்கரை நோய் வந்த 10 பேர், ஆய்வாளர் கெரின் ஓ'டீயோடு 1982இல் 7 வாரம் தங்கள் முன்னோரின் நிலத்துக்குத் திரும்பினார்கள். கங்காரு, ஆற்று மீன், பறவைகள், காட்டுக் கிழங்கு, அத்தி, தேன் ஆகியவற்றை வேட்டையாடியும் சேகரித்தும் உண்டார்கள். காட்டு விலங்கின் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால், இறைச்சி மிகுந்தும் அது கொழுப்பு குறைந்த உணவாகவே இருந்தது. 7 வாரத்தில் சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது. வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரை சுமார் 209 மில்லிகிராமிலிருந்து 119ஆக இறங்கியது. டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு சுமார் 350இலிருந்து 105ஆனது. நடையும் உழைப்பும் குறைந்த கலோரியும் சேர்ந்து செய்த மாற்றம் இது. உணவின் பங்கை மட்டும் தனியே பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முற்றிய நோய் என்று கைவிடப்பட்ட உடலுக்குள் எத்தனை கருணை மிச்சமிருக்கிறது என்பதை அது காட்டியது.

நீண்டகாலக் கணக்குகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 185 தொடர் ஆய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து 2019இல் எழுதினார்கள். நார்ச்சத்து மிகுதியாக உண்பவர்களுக்கு, குறைவாக உண்பவர்களைவிட மரணம், மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம் வரை குறைவு. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் என்பது நல்ல இலக்கு. குவாசுலு-நட்டால் கிராமத்தார் தங்கள் வழக்கமான சாப்பாட்டிலேயே இதைவிட இரு மடங்குக்கு மேல் உண்டுவந்தார்கள்.

நம் அரிசி ஆலையும் சேர்த்தி

இதைப் படிக்கும் தமிழ் வாசகர், "நாங்கள் பர்கர் சாப்பிடுவதில்லையே" என்று ஆறுதல் கொள்ளலாம். அந்த ஆறுதலுக்கு ஆதாரம் இல்லை. சென்னையில் 2000களில் நடந்த ஆய்வில், மக்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வருவது தெரிந்தது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. ஆலையில் தவிடும் முளையும் போனபின் மிஞ்சும் அரிசி, வெள்ளை மாவு ரொட்டிக்கு நெருங்கிய உறவு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இதற்குக் காரணங்கள் பல: உடலுழைப்பு குறைந்தது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் உடல்வாகு, நகர வாழ்க்கை. அவற்றோடு தட்டும் ஒன்று.

சென்னையிலும் தட்டு மாற்றிப் பார்த்தார்கள். மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், எடை மிகுந்த 15 பேர் ஐந்து ஐந்து நாட்களாக வெள்ளை அரிசி, தவிடு நீக்காத அரிசி, தவிடு நீக்காத அரிசியோடு பயறு என்று மாறி மாறி உண்டார்கள். வெள்ளை அரிசி உண்ட நாட்களைவிட, தவிடு நீக்காத அரிசி உண்ட நாட்களில் 24 மணி நேரச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. பயறு சேர்த்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. ஊர் மாறவில்லை, பண்பாடு மாறவில்லை. சோறு சோறாகவே இருந்தது. நம் பாட்டிமார் உலக்கை கொண்டு குத்திய அரிசியும், அதோடு சேர்ந்த கொள்ளும் காராமணியும் கீரையும், பெதஸ்தாவிலும் பிட்ஸ்பர்க்கிலும் கோடிக்கணக்கில் செலவழித்து அளந்த அதே வகைப் பலனைத் தரக்கூடும்.

ஆனால் இதைத் தனிமனித விருப்பம் என்று விட்டுவிட முடியாது. ஹாலின் ஆய்வில் 500 கலோரி கூடுதலாக உண்டவர்கள் மனவலிமை இல்லாதவர்கள் அல்லர். அடுத்த இரண்டு வாரத்தில் அளவாக உண்டவர்களும் அவர்களேதான். கிடைத்தது மாறியதும் உண்டது மாறியது. ஆகவே எது கிடைக்கிறது, எது மலிவாகக் கிடைக்கிறது, எது குழந்தைகளின் கண்ணில் படுகிறது என்பதைச் சமூகம்தான் தீர்மானிக்க வேண்டும். சிலி நாடு 2016இல், சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களின் மேல் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தியது. பள்ளிகளில் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. எச்சரிக்கை முத்திரை பெற்ற பானங்களின் கொள்முதல் அங்கே ஏறத்தாழ 4இல் ஒரு பங்கு குறைந்தது. நியாய விலைக் கடையும் பள்ளிச் சத்துணவும் வீடுதோறும் எட்டியிருக்கும் தமிழ்நாட்டுக்கு, சிலியைவிட வலிமையான கருவிகள் கையிலேயே இருக்கின்றன. அந்தக் கடைகளிலும் சத்துணவிலும் சிறுதானியமும் பயறும் குறைவாகத் தீட்டிய அரிசியும் இடம்பெறுவது, ஆயிரம் விழிப்புணர்வுக் கூட்டங்களைவிட அதிகம் சாதிக்கும்.

குவாசுலு-நட்டால் கிராமத்தார் 20 பேருக்கு அந்தத் தட்டு வந்தது 14 நாளுக்கு மட்டுமே. பதினைந்தாம் நாள் ஆய்வாளர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே தட்டு ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஒரு நகரத்துக்கோ ஒரு தலைமுறைக்கோ வந்து சேரும்போது, பதினைந்தாம் நாள் அதை எடுத்துக்கொள்ள யாரும் வருவதில்லை. அந்த வேலையை நாமேதான் செய்தாக வேண்டும்.